மலரின் பெயர் போட்ட கண்ணீர் அஞ்சலி

எதையும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மலர் நம்பமாட்டாள். காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுக்கிற பெண்கள் எல்லாருமே அப்படித்தான். செவுள் சிவந்திருந்தால் இன்று பிடித்த மீன்; பழுப்பேறியிருந்தால் ஐஸில் மூன்று நாள் கிடந்த மீன். ஆனால் மற்றவர்கள் இந்தப் பழக்கத்தை மீனோடு நிறுத்திக்கொண்டார்கள். மலர் மனிதர்களிடமும் காட்டினாள். ரேஷன் கடைக்காரர் சிரித்தால் தராசை எட்டிப் பார்ப்பாள். ஷேர் ஆட்டோவில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். ஊராரையே இப்படிப் பார்க்கிறவள் கட்டின புருஷனைச் சும்மா விடுவாளா? இருபத்து நாலு வருஷமாக ரகுபதியை அவள் ஒரு கண் வைத்துத்தான் பார்த்துவந்தாள்.

அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வெள்ளிக்கிழமைக் காலையைச் சொல்ல வேண்டும்.

ஏழரை மணிக்கு, சங்கரா மீனும் காரப்பொடி மீனும் நிறைந்த அலுமினிய அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, எண்ணூர் சாலையில் நின்றிருந்த டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே புகுந்து ஒண்டிக்கல் குப்பத்துக்குள் வந்தாள் மலர். வந்தவள் அப்படியே நின்றாள். கரையில் நாற்பது மீன்பிடி போட்டும் வரிசையாகக் கிடந்தன. ஒன்றுகூடக் கடலில் இல்லை. நாலு நாள் காற்றடித்து ஓய்ந்து, அன்றைக்குத்தான் கடல் தட்டுப்போல இருந்தது. அன்றைக்குப் போய் எவனாவது போட்டைக் கரையில் போடுவானா?

போடுவான். குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் போடுவான். செத்தவரை அடக்கம் செய்கிறவரைக்கும் அந்த ஊரில் எவரும் கடலுக்குப் போகக் கூடாது. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற கட்டுப்பாடு அது. அப்படியானால் யார்? படுக்கையில் கிடந்த இரண்டு மூன்று கிழங்களை மலர் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பதற்குள், பக்கத்து வீட்டு நீலா தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே நாலு பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு வந்தார்கள்.

"யாருடி?" என்றாள் மலர்.

"வூட்டுக்காரியே கேக்குறா பாரு! உன் வூட்டு சாவுதாண்டி மலரு!"

கூடை தலையிலிருந்து சரிந்தது. காரப்பொடி மணலில் கொட்டியது. மகன் தீபன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி ஹாஸ்டலில் இருந்தான். அவன் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை, "இன்னாம்மா காலங்காத்தால?" என்ற குரல் கேட்டதும் பதில் சொல்லாமலே போனை வைத்தாள். ரகுபதி ஆர்பரில், துறைமுகத்தில், வேலையில் இருப்பான். அங்கே உள்ளே போனை எடுத்துப் போக விடமாட்டார்கள். அவனா?

"ரகுபதி அண்ணன் நல்லாத்தான் கீறாரு. அவருதான போஸ்டரு ஒட்னாரு," என்றாள் நீலா. "உங்க அந்தமான் சித்தப்பாவாம்ல. தலைவரு சொன்னாரு."

அந்தமான் சித்தப்பா போன வாரம்தான் போன் பண்ணி நெத்திலிக் கருவாடு அனுப்பச் சொல்லியிருந்தார். மலர் நீலாவின் கையை உதறிவிட்டு நடந்தாள்.

முனையில் வேதமாணிக்கத்தின் மளிகைக் கடை. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். தெருவில் துக்கம் என்றால் அவர் அப்படிச் செய்வார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் மரியாதையில் குறைவைத்ததில்லை. கடைச் சுவரில், மைதாப் பசை இன்னும் காயாமல், கறுப்பு பார்டர் போட்ட போஸ்டர்.

"வாம்மா. மனசத் தேத்திக்கோ," என்றார் வேதமாணிக்கம். "ஆமா, இவரு உங்களுக்கு என்ன முறை வேணும்?"

மலர் போஸ்டரைப் பார்த்தாள். கம்பளித் தொப்பி போட்ட, முன்பல்லில் சந்து விழுந்த, நல்ல கறுத்த மனிதர் ஒருவர் கையில் மைக்கோடு சிரித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு மீசை உண்டு. சித்தப்பா ஜென்மத்தில் மைக்கைப் பிடித்தவரில்லை. படத்துக்குக் கீழே: 'கண்ணீர் அஞ்சலி. எங்கள் குடும்பத்தின் அன்புக்குரிய திரு. டெஸ்மண்ட் குவே (டாக்சைட் டெஸ்), லிவர்பூல், இங்கிலாந்து. துயரில் வாடும் குடும்பத்தார்: ரகுபதி, மலர், தீபன்.'

தன் பெயரை அவள் மூன்று தடவை படித்தாள். வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னாலே, இதில் இன்னா எழுதியிருக்கு, படி என்று மேனேஜரை நிற்க வைக்கிறவள். அவளைக் கேட்காமல் அவள் பெயரை அச்சடித்து, முன்பின் தெரியாத ஒருவனுக்கு அவளை அழவும் வைத்துவிட்டார்கள். அவளுக்கு வந்த கோபத்தில் போஸ்டரைக் கிழிக்கக் கையை ஓங்கினாள்.

"கிழிக்காத," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஊர்த் தலைவர் தேசப்பன். காலை நாலரைக்குக் கரைக்கு வந்தபோது டார்ச் வெளிச்சத்தில் போஸ்டரைப் பார்த்து, 'குடும்பத்தார்' என்ற வார்த்தையையும் மூன்று பெயர்களையும் மட்டும் படித்துவிட்டு, மிச்சத்தைத் தானே முடிவுசெய்து போட்டுகளை நிறுத்தியவர் அவர்தான். கண்ணாடி வீட்டில் இருந்ததாம். இப்போது கண்ணாடியோடு வந்திருந்தார்.

"இந்த ஆளு யாரு?"

"தெரியாது மாமா."

"உன் பேரு கீதே?"

"பேரு கீது. ஆளு தெரியாது."

"நாப்பது போட்டு நிக்குது மலரு. நாலு நாளு கழிச்சி கடலு இன்னிக்கிதான் வுட்டுது." தேசப்பன் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாதபோதுதான் பயப்பட வேண்டும் என்று குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். "சாய்ந்தரம் அஞ்சி மணிக்கு கங்கையம்மன் கோயிலாண்ட ரெண்டு பேரும் வாங்க. செத்தவன் யாரு, உங்களுக்கு இன்னா உறவுன்னு ஊருக்கு சொல்லணும். பொய்ச் சாவ காட்டி ஊர நிறுத்திகீறீங்கன்னா, அப்பால ஊரு உங்களோட பேசாது."

பேசாது என்றால் என்ன என்று மலருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குடும்பத்தை அப்படி ஒதுக்கி வைத்தார்கள். அவர்கள் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. அந்த அம்மா கரைக்கு வந்து நின்றால் எவரும் மீன் கொடுக்கமாட்டார்கள், ஏன் என்றும் சொல்லமாட்டார்கள். கடைசியில் புளியந்தோப்பு ஹவுசிங்போர்டு பக்கம் குடிபோய்விட்டார்கள்.

கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "ஆர்பர்ல வேல செய்றவன். வெளிநாட்டு சகவாசம். கண்டெய்னர்ல இன்னா வருதோ, எவன் கண்டான்."

மலர் திரும்பி, சொன்னவனை முறைத்தாள். ஆனால் அந்தச் சந்தேகம் அவளுக்கும் வந்துவிட்டது. அதுதான் அவளை வதைத்தது.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மலருக்கு இருபத்திரண்டு வயதில், வேறு குப்பத்திலிருந்த அவளை ரகுபதி பெண் பார்க்க வந்தான். மீனவக் குடும்பம்தான், ஆனால் கடலுக்குப் போகாதவன். ஆர்பரில் லேஷிங் வேலை. கப்பலில் அடுக்கின கண்டெய்னர்கள் அசையாமல் இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவன் நேராக அவளைப் பார்த்து, "புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்," என்றான். எந்த மாப்பிள்ளையும் அப்படிக் கேட்டு அவள் கேள்விப்பட்டதில்லை. வெட்கம் வந்து எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் தலையாட்டினாள்.

கல்யாணமான மறுநாள் காலையில் அவன் காபி கேட்டான். 'கா' வந்தது. மறுபடி 'கா' வந்தது. 'பி' வரவேயில்லை. மலர் டம்ளரோடு நின்று, தான் ஏமாற்றப்பட்டதை உணர்ந்தாள். மாப்பிள்ளைக்குத் திக்குவாய். அப்படியானால் அன்றைக்கு எப்படி அவ்வளவு தெளிவாகப் பேசினான்? தரகர் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்க வைத்திருக்கிறார். பேச்சு தரகருடையது, வாய் மட்டும் இவனுடையது. யோசிக்க யோசிக்க இன்னொன்றும் ஞாபகம் வந்தது: பேசும்போது இவன் விரலால் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தான். தரகர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சைகைதான், வேறென்ன?

கெட்ட புருஷன் இல்லை. குடியில்லை, அடியில்லை. ஆனால் முதல் பேச்சே பொய் என்றால் மிச்சத்தை எப்படி நம்புவது? அவன் எதையாவது சொல்ல ஆரம்பித்துத் திக்கினால் மலர் தானே முடித்துவைப்பாள். பாதி நேரம் தப்பாக முடிப்பாள். அவன் திருத்தமாட்டான். தலையை ஆட்டிவிட்டு, கதவு நிலையிலோ கட்டில் சட்டத்திலோ தட்ட ஆரம்பித்துவிடுவான். டக், டக்டக், ஒரு சின்ன நிறுத்தம், டக். இருபத்து நாலு வருஷமாக அதே தட்டு. போன வருஷம் அவன் போனில் வெளிநாட்டிலிருந்து ஒரு மெசேஜ், பக்கத்தில் சிவப்பு இதயம். கேட்டதற்கு அவன் சொல்லத் தொடங்கி, திக்கி, சிரித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவள் தூக்கம் பாதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தாள். விற்கப் போகவில்லை. மீதி மீன்மேல் ஐஸைக் கொட்டி மூடிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த ரகுபதியின் தகரப் பெட்டியை இழுத்தாள். பூட்டுகூடப் போடவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று காட்டத்தான் பூட்டாமல் வைத்திருக்கிறான்.

உள்ளே நாலு கேசட். ஒரு பழைய வாக்மேன். கீழே ஒரு நோட்டு.

நோட்டை நடுவில் திறந்தாள். தமிழ் எழுத்துதான், ஆனால் ஒரு வார்த்தை தமிழில்லை. எழுத்துகளுக்குக் கீழே சின்னச் சின்னக் கோடுகள், சில இடத்தில் இரண்டு, சில இடத்தில் ஒன்று. பக்கம் பக்கமாக. கண்டெய்னர் நம்பரா? யாருக்கும் புரியக் கூடாது என்று இப்படி எழுதியிருக்கிறானா? போலீஸ் வந்தால் இந்த நோட்டை முதலில் எடுப்பான். எரித்துவிடலாமா என்று அடுப்பைப் பார்த்தாள். பிறகு தீபனுக்கு வீடியோ கால் போட்டு, நோட்டை போனுக்கு முன்னால் பிடித்தாள்.

"இத்த படிடா."

தீபன் சிரித்தான். "அது பாட்டும்மா. இங்கிலீஷ் பாட்ட நைனா காதுல கேட்ட மேரி தமிழ்ல எழுதி வெச்சிகீது. கோடு போட்டது தாளம். டெஸ்ஸு பாட்டு."

"எந்த டெஸ்ஸு? போஸ்டர்ல கீறவனா? யாருடா அவன்?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேனே! நான்தான போஸ்டரு டிசைனு பண்ணி ராயபுரம் பிரஸ்ஸுக்கு அனுப்புனேன்." அம்மா முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பை நிறுத்தினான். "ராப் பாடறவரும்மா. லிவர்பூல்னு ஒரு ஊரு, அதுவும் ஆர்பர் ஊருதான். அவுங்க நைனா கப்பல்ல வேல செஞ்சவரு. இவரு பஸ்ஸு ஓட்டிகினு பாடினாரு. நாலே நாலு ஆல்பம். டிவில வந்ததே இல்ல. இவரு பேசற பாஷைய லண்டன்காரங்க கிண்டல் பண்ணுவாங்களாம், நம்ம பாஷைய சினிமால பண்றாங்களே, அது மேரி. ஆனா எழுதனது பூரா தங்கம்மா. யாருக்கும் தெரியாமலே போய்ட்டாரு. போன ஞாயித்துக்கெழம பஸ் டெப்போலயே ஹார்ட்டு நின்னுச்சி. அவுங்க ஊரு பேப்பர்ல நாலு வரி போட்டாங்க, அவ்ளோதான்."

"பாட்டுக்காரன் செத்தா பாட்டு கேளு. என் பேரு எதுக்குடா?"

"அத்த நைனாவ கேளு. குடும்பமா போடணும்னு ஒரே பிடியா நின்னுச்சி." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அவருக்கும் திக்கும்மா. டெஸ்ஸுக்கு. யாராவது பேட்டி எடுத்தா சொந்தப் பேர சொல்லவே ஒரு நிமிசம் ஆவும். பாட்டுல மட்டும் திக்காது. போன வருசம் நைனா என்ன எழுதச் சொல்லி அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுச்சி. பத்து நாளு கழிச்சி பதிலு வந்துச்சி, தட்டிகினே இரு தம்பின்னு, ஒரு செவப்பு ஹார்ட்டு போட்டு. பெரிய ஆளா இருந்தா பதிலே வந்திருக்காது."

போனை வைத்தபிறகும் மலருக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. மகனும் சேர்ந்து மறைக்கிறானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நோட்டை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து.

முதல் பக்கம் தமிழாகவே இருந்தது.

'புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்.'

கீழே அதே வரி. அதற்குக் கீழேயும் அதே வரி. பக்கம் முடிந்து அடுத்த பக்கத்திலும் அதே வரி. அவனுடைய கோணல் எழுத்து, வேறு யாருடையதும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே கோடுகள்: ஒன்று, இரண்டு, ஒரு இடைவெளி, ஒன்று. சில வரிகளில் கோட்டை அடித்துத் திருத்தி இடம் மாற்றியிருந்தான். 'தப்பா' என்ற வார்த்தையில்தான் ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கிறான். அங்கே பேனா காகிதத்தையே கிழித்திருந்தது. மலர் எண்ணவில்லை, நாற்பதுக்குக் குறையாது. பக்கத்தின் மூலையில் தேதி. பெண் பார்க்க வந்த நாளுக்குப் பதினோரு நாள் முந்தைய தேதி.

அவள் விரலால் தரையில் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். டக், டக்டக், ஒரு சின்ன நிறுத்தம், டக். வரி அதில் அப்படியே உட்கார்ந்தது.

மலருக்கு அழுகை வந்தது. வந்த அழுகையையும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டாள். பிறகு சந்தேகம் தோற்றுப்போய், ஐஸ் உருகி மீன்தண்ணி தரையில் ஓடுவதுகூடத் தெரியாமல் அழுதாள். இருபத்து நாலு வருஷமாக ஒரு பாவமும் செய்யாத தரகரைத் திட்டித் தீர்த்தாயிற்று. இவனை நம்பாமல் பார்த்த பார்வை எத்தனை! அத்தனையையும் இவன் பொறுத்துக்கொண்டு கதவு நிலையில் தட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டரை மணிக்கு ரகுபதி வந்தான். சாலையிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள், முகம் செத்திருந்தது. வாசலில் நின்று வாயைத் திறந்தான். ஒரு எழுத்துகூட வரவில்லை. திறந்திருந்த பெட்டியையும் அவள் மடியிலிருந்த நோட்டையும் பார்த்தான்.

"ஊ... ஊ..."

முன்பென்றால் மலர் முடித்து வைத்திருப்பாள். அன்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல... எ... என்னால பே... பேச முடியாது மலரு."

"சோறு துன்னு," என்றாள். "அஞ்சி மணிக்கு நாக்கு வேணும். அதுவரிக்கும் சும்மா கெடக்கட்டும்."

ஐந்து மணிக்குக் கோயில் முன்னால் மொத்தக் குப்பமும் இருந்தது. வேலை இல்லாத நாள், வேறு பொழுதுபோக்கும் இல்லை. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். வீட்டிலிருந்து வரும்போது மலர் காலி அன்னக்கூடையை எடுத்து வந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை; கூடையில்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"சொல்லு ரகுபதி," என்றார் தேசப்பன். "செத்தவரு யாரு?"

ரகுபதி எழுந்து நின்றான். "அ..." என்றான். "அ... அ..." கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் "அ, ஆ, இ, ஈ" என்றான். தேசப்பன் முறைத்ததும் அடங்கினார்கள், ஆனால் அந்தச் சிரிப்பு ரகுபதியின் காதில் விழுந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் ஒரு நிமிஷம் போனால் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

மலர் கூடையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தட்டினாள்.

டக், டக்டக், நிறுத்தம், டக்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரகுபதியும் திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டு தட்டினாள். அவன் விரல்கள் தொடையைத் தொட்டன. மூச்சை இழுத்தான்.

"எனக்குப் பன்னண்டு வயசுல எங்க நைனா என்ன கடலுக்கு இட்டுகினு போனாரு. வலை சுத்தும்போது அவரு கை மாட்டிகிச்சி. இன்ஜின் ஓட்றவன பாத்து நிறுத்துன்னு நான் கத்தணும். எனக்கு 'நி' மட்டுந்தான் வந்திச்சி. அவுருக்கு ரெண்டு வெரலு போச்சி. அப்பால நான் போட்ல ஏறல. உங்க எல்லாருக்கும் அது தெரியும்."

தெரியும். பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் அதை அவன் வாயால் இப்போதுதான் கேட்கிறார்கள்.

"ஆர்பர்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரரு. அவருக்கு வஞ்சிரம் வறுத்து எடுத்துகினு போய் குட்தேன். பதிலுக்கு ஒரு டேப்பு குட்தாரு. அதுல இவரு பாட்டு. ஒரு எழவும் புரியல. ஆனா எங்க மூச்ச வுடறாரு, எங்க எடுக்குறாருன்னு புரிஞ்சிது. நம்மள மேரி ஆளுதான்னு புரிஞ்சிது. அந்தத் தாளத்து மேல வெச்சி நான் பேசிப் பாத்தேன். பேச்சு வந்திச்சி. நான் இன்னிக்கி உங்க முன்னால பேசறேன்னா, அது அவரு குட்த மூச்சு. அவுரு செத்ததுக்கு அவரு ஊர்லயே ஒரு போஸ்டரு இல்ல. அதனால நான் ஒட்னேன். ஊரு நிக்கும்னு நான் நெனக்கல. அது என் தப்பு."

மலர் தட்டுவதை நிறுத்தினாள். தூரத்தில் சாலையில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

தேசப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் சரி ரகுபதி. பாட்டுக்காரர்னா பாட்டுக்காரர்னு போட வேண்டிதான? குடும்பத்தார்னு போட்டுகீற. அத்த நம்பித்தான ஊரு நின்னுச்சி." பெண்கள் பக்கம் திரும்பினார். "மலரு, காலைல நீ ஆளு தெரியாதுன்ன. உன் பேரு கீது. நீ சொல்லு. அவரு உனக்கு இன்னா உறவு?"

தெரியாது என்று மறுபடி சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். பழி முழுக்க ரகுபதி தலையில் விழும். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். ரகுபதி மட்டும் பார்க்கவில்லை.

மலர் எழுந்தாள்.

"தரகரு, மாமா."

"இன்னாது?"

"எங்க கல்யாணத்த முடிச்சி வெச்ச தரகரு. காலைல எனக்குத் தெரியாது, மத்தியானந்தான் தெரிஞ்சிது. இவுரு என்ன பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு பேச்சு பேசுனாரு. அந்தப் பேச்சுக்குத்தான் நான் கழுத்த நீட்டுனேன். அந்தப் பேச்ச பேச வெச்சவரு அவருதான். தரகரு வேற யாரோன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு இருந்தேன். குடும்பத்தார்னு போட்டதுல தப்பு இல்ல."

யாரோ சிரித்தார்கள், ஆனால் அது வேறு சிரிப்பு. ஒரு கிழவர் சந்தேகத்தைக் கிளப்பினார்: "குடும்பம்னா அடக்கம் வரிக்கும் நிக்கணுமே. அடக்கம் எப்ப?"

"அ... அடுத்த வி... வியாழன்," என்றான் ரகுபதி.

கூட்டம் அலறியது. வியாழன் வரைக்கும் போட்டைக் கரையில் வைத்தால் யார் சோறு போடுவது? மலர் உட்கார்ந்து கூடையை எடுத்தாள். ஆனால் அதற்குள் ரகுபதி தானே தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்த வேணாம். அவரே வேலைய முடிச்சிட்டுத்தான் பாடுவாரு. வேலைய நிறுத்துனா அவருக்குப் புடிக்காது."

தேசப்பன் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். "நாளைக்கி காலைல நாலு மணிக்கு நீ கரைக்கு வரணும்," என்றார் கடைசியில். "நாப்பது போட்டயும் நீ ஒரு கை குட்து தள்ளிவுடு. கணக்கு தீந்துது. போஸ்டரு இருக்கட்டும், அது பாட்டுக்கு கெடக்குது."

இருட்டுவதற்குள் இருவரும் வீடு திரும்பினார்கள். வேதமாணிக்கம் ஷட்டரை முழுசாகத் திறந்திருந்தார். சுவரில் டெஸ் பல்சந்து தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மலர் போஸ்டருக்கு முன்னால் நின்றாள். ஓரத்தில் பசை விட்டிருந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

"யோவ்."

ரகுபதி நின்றான்.

"அன்னிக்கி ஒன்னு கேட்டியே. புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுன்னு. நான் பதிலே சொல்லாம எழுந்து பூட்டேன் இல்ல?"

அவன் தலையாட்டினான்.

"புடிச்சிதான் இருந்திச்சி," என்றாள் மலர். "ஆனா போஸ்டருல என் பேரு போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கே... கே..." என்றான் ரகுபதி.

அவள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, அவன் முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்றாள்.